பாலிஹவுஸ் கூரையில் சோலார் போடலாமா?

கேள்வி: தளி அருகே ஒரு ஏக்கர் பாலிஹவுஸில் ரோஜா வைத்திருக்கிறேன். பக்கவாட்டு ஜன்னல், கூரைத் திறப்பு வழியாகக் காற்று வந்து போகும் சாதாரண அமைப்பு. 650 அடியிலிருந்து தண்ணீர் எடுக்கும் போர்வெல், 10 டன் கோல்டு ரூம், ஒரு டீசல் ஜெனரேட்டர் இருக்கின்றன. போர்வெல் மோட்டாருக்கு இலவச மின்சாரம். கோல்டு ரூமுக்குத் தனி இணைப்பு; அந்த பில்லும் டீசல் செலவும்தான் கழுத்தைப் பிடிக்கின்றன. சோலார் கம்பெனி ஏஜென்ட் ஒருவர் வந்து, பாலிஹவுஸ் கூரை மேல் 100 கிலோவாட் பேனல் போடலாம், வெளிச்சம் ஊடுருவும் பேனல் என்பதால் செடிக்கு ஒன்றும் ஆகாது, மீதி கரண்டை மின்வாரியத்துக்கு விற்கலாம் என்கிறார். நெதர்லாந்தில் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் எடுத்துப் பசுமைக்குடில்களை நடத்துகிறார்களே, நாமும் செய்யலாமே என்கிறான் மகன். தர்மபுரி பக்கம் என் மைத்துனர் ஃபேன் - பேட் வைத்த குடிலில் குடைமிளகாய் போடுகிறார். அவருக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள் ஐயா.
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை வட்டம்

பதில்: உங்கள் பண்ணைக்கு சோலார் பொருந்தும். ஆனால் கூரை மேல் வேண்டாம், 100 கிலோவாட்டும் வேண்டாம். அந்த ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் எடையைப் பாருங்கள். இன்று சந்தையில் கிடைக்கும் 550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ இருக்கும். 100 கிலோவாட்டுக்கு 180 பேனலுக்கு மேல் வேண்டும். அதாவது 5 டன். அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டங்களின் எடை தனி. உங்கள் குடிலின் ஜி.ஐ. குழாய்கள் 200 மைக்ரான் ஷீட்டையும், நிழல்வலையையும், காற்றின் வேகத்தையும் கணக்கில் வைத்துப் போடப்பட்டவை. இந்தச் சுமைக்காகப் போடப்பட்டவை அல்ல. சித்திரை, வைகாசியில் மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்றில் ஷீட் கிழிந்து பறப்பதை உங்கள் பக்கத்தில் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஷீட் கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேனலைச் சுமந்த சட்டம் சாய்ந்தால் குடிலே போய்விடும். இன்னொன்று, அந்த ஷீட்டை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மேலே 180 பேனல் உட்கார்ந்திருந்தால் எப்படி மாற்றுவது என்று ஏஜென்ட்டைக் கேளுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஊடுருவும் பேனல் என்று அவர் சொல்வதில் சிலிக்கான் சில்லுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பதித்திருப்பார்கள். சில்லுகளுக்கு இடையே வெளிச்சம் இறங்கும், சில்லுக்கு அடியில் இறங்காது. கரண்டாக மாறும் வெயில் செடிக்குக் கிடைக்காது. எந்தக் கம்பெனி பேனலாக இருந்தாலும் இதுதான் நிலை. 100 கிலோவாட்டுக்கு வேண்டிய சில்லுகள் உங்கள் கூரையில் எட்டில் ஒரு பங்கை மறைத்துவிடும்.

கோடையில் நாமே நிழல்வலையை இழுத்து வெயிலைக் குறைக்கிறோமே, அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மார்ச் முதல் மே வரை மட்டும் என்றால் அந்த நிழலால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் வருமானம் எந்த மாதத்தில் விளைகிறது? பிப்ரவரி 14க்குப் பூ வேண்டும் என்றால் டிசம்பர் நடுவில் கவாத்து செய்கிறீர்கள். அதிலிருந்து ஏழெட்டு வாரம் தளிர் வந்து, தண்டு நீண்டு, மொக்கு கட்ட வேண்டும். ஆண்டிலேயே பகல் குறுகிய நாட்கள் அவை. வடகிழக்குப் பருவமழை மேகமும் இன்னும் முழுதாக விலகியிருக்காது. ரோஜா அப்போது வெளிச்சத்துக்கு ஏங்கும். வெளிச்சம் குறைந்தால் மொக்கு வைக்காத குருட்டுக் கிளைகள் கூடும். 60 சென்டிமீட்டர் வர வேண்டிய தண்டு 50இலேயே நின்றுவிடும். வலையைச் சுருட்டி ஓரம் கட்டிவிடலாம். பேனலை அப்படிச் சுருட்ட முடியாது. ஒரு சதவீத வெளிச்சம் போனால் ஒரு சதவீத விளைச்சல் போகும் என்பது டச்சு விவசாயிகள் வைத்திருக்கும் கைக்கணக்கு. காதலர் தினப் பயிருக்கு அதை நம் ஊரிலும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மகன் கேட்டதை ஒதுக்கிவிடாதீர்கள், அவருக்கு ஆர்வம் இருக்கிறது. நெதர்லாந்தில் சுமார் 10,000 ஹெக்டேர் கண்ணாடிக்குடில்கள் இருக்கின்றன. அவர்களுடைய பாடு குளிர். பல பத்தாண்டுகளாக இயற்கை எரிவாயுவை எரித்தே குடிலைச் சூடாக்கினார்கள். அதே எஞ்சினிலிருந்து மின்சாரமும் எடுத்தார்கள், புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் செடிக்கும் கொடுத்தார்கள். 2022இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது பல குடில்கள் குளிர்காலத்தில் பயிரே வைக்காமல் நின்றன. பூமிவெப்பத்துக்கு மாறிய பண்ணைகளுக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை. அங்கே இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் மணற்கல் அடுக்குகளுக்குள் வெந்நீர் தேங்கி நிற்கிறது. நமக்குக் கீழே இருப்பதோ பழைய கரும்பாறை. அதில் வெந்நீர் கிடக்கட்டும், குடிநீருக்கே ஆயிரம் அடி போகிறோம். தவிர, குடிலைச் சூடாக்கும் தேவை உங்களுக்கு இல்லை.

உங்கள் மகன் பார்க்க வேண்டிய இடம் கென்யா. சர்வதேச ரோஜாச் சந்தையில் நமக்குப் பெரிய போட்டி அவர்கள். நைவாஷா ஏரிக்கரையில் ஒசேரியன் என்ற பூப்பண்ணை, ஓல்காரியா பூமிவெப்பக் கிணற்றின் நீராவியைக் கொண்டு 2003 முதல் ரோஜாக் குடில்களுக்கு வெப்பம் கொடுத்து வந்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு வெப்பம் எதற்கு? இரவு ஈரத்தை விரட்டத்தான். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இரவில் குளிர்ந்த காற்று குடிலுக்குள் ஈரத்தைக் கக்கும். விடியும்போது இதழிலும் இலையிலும் நீர் முத்து நிற்கும். மொக்கழுகலும் அடிச்சாம்பல் நோயும் அங்கேதான் பிடிக்கின்றன. கொஞ்சம் வெப்பம் கொடுத்தால் ஈரம் குறைகிறது, மருந்துச் செலவும் குறைகிறது. அந்தக் கிணற்றிலிருந்து வரும் கரியமில வாயுவையும் செடிக்கே கொடுத்தார்கள்.

இந்தத் தொல்லை உங்களுக்கும் உண்டு, கார்த்திகை, மார்கழியில் நன்றாகவே தெரியும். அதற்கு நீராவி தேவையில்லை. வரிசைக்கு மேலே தொங்கவிடும் சிறிய காற்றுச்சுழற்சி ஃபேன்களை விடியற்காலை மூன்று மணி நேரம் ஓடவிட்டு, சூரியன் ஏறியதும் பக்கத் திரையைக் கொஞ்சம் திறந்துவிட்டால் இலை சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு ஃபேன் 100, 150 வாட்தான் இழுக்கும். பண்ணையில் பேட்டரி வாங்குவதற்குத் தகுந்த வேலை இதுதான். இந்த ஃபேன்கள், உரம் கலக்கும் டோசிங் பம்ப், சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடும் கன்ட்ரோலர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு சின்ன லித்தியம் பேட்டரி போதும்.

இனி செலவு எங்கே போகிறது என்று பார்ப்போம். ஜன்னல் வைத்த உங்கள் குடில் நேரடியாகக் கரண்ட் தின்பதில்லை. கரண்ட் இரண்டு இடத்தில் போகிறது. ஒன்று போர்வெல், மற்றொன்று கோல்டு ரூம்.

போர்வெல் கரண்ட் இலவசம் என்பதால் நீங்கள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சேர்க்கிறேன். ஒரு ஏக்கர் ரோஜாவுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் நாளுக்கு 20,000 லிட்டர் வேண்டும். அதை 650 அடியிலிருந்து ஏற்ற, நடுத்தரமான மோட்டார் என்றால் 25 யூனிட்டுக்கு மேல் போகும். மும்முனை மின்சாரம் முறைவைத்து வருவதால் சில நாள் நள்ளிரவில் எழுந்து மோட்டார் போட வேண்டியிருக்கும், சில நாள் ஜெனரேட்டரில் ஓட்டுவீர்கள். ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் தந்தாலே பெரிது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது அந்த யூனிட் 30 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இலவச மின்சாரம் வைத்திருப்பவர் பண்ணையில்கூட இந்த 30 ரூபாய் யூனிட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே உங்கள் கூரையைச் சரியாகப் பயன்படுத்தலாம். 4,000 சதுர மீட்டர் பிளாஸ்டிக் கூரை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. வழிவதும் ஆவியாவதும் போக ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தாலும் 25 லட்சம் லிட்டர் சேரும். உங்கள் ரோஜாவுக்கு நான்கு மாதத் தண்ணீர். அதை ஒரு குட்டை வெட்டிச் சேர்த்தால் தரைமட்டத்திலேயே நிற்கும். அங்கிருந்து 10 மீட்டர் உயரத் தொட்டிக்கு 20,000 லிட்டர் ஏற்ற ஒன்றரை யூனிட்கூட ஆகாது. 25 யூனிட் எங்கே, ஒன்றரை யூனிட் எங்கே! எனக்குத் தெரிந்து பாலிஹவுஸ் விவசாயிக்கு இதைவிட மலிவான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இல்லை. எத்தனையோ குடில்களில் கால்வாய்த் தகட்டிலிருந்து குழாய் வழியாக இறங்கும் மழைநீர் நேராக ரோட்டோரப் பள்ளத்தில் போய் விழுவதைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காது.

மழை ஒரே நாளில் வந்துவிடாது. கோடை மழையில் கொஞ்சம், புரட்டாசி, ஐப்பசியில் நிறைய என்று வரும். இடையில் நீங்களும் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். ஆகவே 25 லட்சம் லிட்டருக்குக் குட்டை வெட்ட வேண்டியதில்லை. 10, 12 லட்சம் கொள்ளும் அளவில் வெட்டி, 500 மைக்ரான் ஷீட் விரித்தால் போதும். பாசி பிடிக்காமலிருக்க மேலே நிழல்வலை கட்டுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் பகுதிப் போர்வெல் தண்ணீரின் உப்புக்காகத்தான் பலர் ஆர்.ஓ. பிளான்ட் வைத்து, அதற்கும் கரண்ட் கொடுத்து, வெளியேறும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை. ஆனால் சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும்கூட அதில் இல்லை என்பதால், உரக் கணக்கை மாற்றிப் போடாமல் பழைய அளவிலேயே விட்டால் இலை வெளுக்கும். மறந்துவிடாதீர்கள். அதைவிட முக்கியம், குட்டையைச் சுற்றி வேலி போடுங்கள். பிளாஸ்டிக் விரித்த சரிவில் கால் வைத்தால் பெரியவர்களாலேயே ஏறி வர முடியாது. நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிற்றை உள்ளே தொங்கவிடுங்கள். வேலி போடும்வரை தண்ணீர் நிரப்பாதீர்கள்.

மிச்ச எட்டு மாதத்துக்குப் போர்வெல் வேண்டும். அதற்கு சோலார் பம்ப் கேட்டால், 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் மானியம் என்பது அடிப்படைக் கணக்கு. இந்த ஆண்டு ஒதுக்கீட்டை வட்டார வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் 650 அடி என்பது பெரிய ஆழம். அந்த ஆழத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கொடுக்கும் என்று எழுதி வாங்காமல் பம்ப் எடுக்காதீர்கள். குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, தண்ணீர் விரல் கனத்தில் வருகிறதே என்று பிறகு வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

கோல்டு ரூம்தான் சோலாருக்கு ஏற்ற இடம். ரோஜாவை 2 முதல் 4 டிகிரியில் வைக்கிறீர்கள், கம்ப்ரசர் இரவு பகல் ஓடுகிறது. முதலில் அந்த இணைப்பில் தனி மீட்டர் ஒன்று மாட்டி, இரண்டு வாரம் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்பது தெரியாமல் பேனல் அளவைச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஊகத்தில்தான் சொல்கிறார். எழுதும்போதே கதவையும் பாருங்கள். ரப்பர் விளிம்பில் ஒரு தாளைச் செருகிக் கதவைச் சாத்துங்கள். தாள் இழுத்ததும் வழுக்கி வந்தால் குளிர் அங்கே ஒழுகுகிறது. கண்டென்சர் மேற்கு வெயிலில் நிற்கிறதா? நிழலுக்கு மாற்றுங்கள். பூவை விடியலில் வெட்டி, வாளியோடு நிழலில் வைத்து, நண்பகலுக்கு முன் உள்ளே சேர்த்தால் கம்ப்ரசருக்குப் பாரம் குறையும். இவற்றைச் செய்த பிறகு வரும் அளவுக்குத்தான் பேனல் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். கோல்டு ரூம் 40 யூனிட் எடுக்கிறது என்றால் 10 கிலோவாட் போதும். அதற்கு 600, 700 சதுர அடி இடம். பேக்கிங் ஷெட் கூரை தாராளமாகத் தாங்கும். பேனல் நிழலில் ஷெட்டும் கொஞ்சம் குளிரும். ஷெட் கூரை பலமில்லை என்றால் தரையில் போடுங்கள், ஆனால் குடிலுக்கு வடக்கே. நம் அட்சரேகையில் சூரியன் ஆண்டில் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து போவதால் பேனலின் நிழல் வடக்கே விழும், ரோஜாவைத் தொடாது.

இங்கே ஒரு விஷயத்தை ஏஜென்ட்டுகள் வாய் திறந்து சொல்வதில்லை. மின்வாரிய லைனோடு சேர்த்து ஓடும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, அவசியமானது. ஆனால் வெயில் கொளுத்தும்போது கரண்ட் கட்டானால், பத்து கிலோவாட் பேனலை வைத்துக்கொண்டே நீங்கள் டீசல் ஊற்ற வேண்டிவரும். டீசலைக் குறைப்பதுதான் உங்கள் நோக்கம் என்பதால், லைனில் கரண்ட் போனாலும் தனியாக ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர்தான் கேட்க வேண்டும். கம்ப்ரசர் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்கு சாஃப்ட் ஸ்டார்ட்டரோ வேகக் கட்டுப்பாட்டு டிரைவோ இல்லாவிட்டால் எந்த இன்வெர்ட்டரும் திணறும்.

இரவுக்கு? பெரிய பேட்டரி வேண்டாம். குளிரையே சேமியுங்கள். ஒரு டன் தண்ணீரை உறையவைத்தால் அது திரும்ப உருகும்போது 90 யூனிட்டுக்கு மேல் குளிர் கொடுக்கும். உறையவைக்க ஆகும் கரண்ட் அதில் பாதிகூட இராது. ரூம் 2 டிகிரியில் நிற்க வேண்டும் என்பதால் வெறும் தண்ணீருக்குப் பதில் பூஜ்யத்துக்குக் கீழே உறையும் உப்புக்கரைசலைத் தட்டுகளில் அடைத்து வைக்கிறார்கள். கொள்ளளவு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வெயில் இருக்கும்போது கம்ப்ரசர் அதை உறையவைக்கும். இரவில் சிறிய ஃபேன் மட்டும் காற்றை அதன்மேல் சுழற்றும். இந்த முறையில் இயங்கும் சோலார் குளிர்பதன அறைகள் இந்தியாவிலேயே தயாராகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இலவச விவசாய இணைப்பிலிருந்து கோல்டு ரூமுக்கு வயர் இழுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிடிபட்டால் இலவச இணைப்பே போய்விடும்.

உங்கள் மைத்துனர் நிலை வேறு. தர்மபுரியில் காற்று வறண்டிருப்பதால் ஈர பேட் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் அதே ஏற்பாடு பாதிகூடக் குளிராது. ஆனால் அவருக்குக் கரண்ட்தான் உயிர். 1,000 சதுர மீட்டர் குடிலில் நிமிடத்துக்கு ஒருமுறை காற்று முழுதும் மாற வேண்டும் என்றால், ஒன்றரை குதிரைத்திறனில் ஆறு ஃபேன். எட்டு மணி நேரத்தில் 50 யூனிட்டுக்கு மேல். ஒரு நல்ல செய்தி, வெயில் ஏற ஏறத்தான் ஃபேன் தேவைப்படுகிறது, பேனலும் அப்போதுதான் கரண்ட் தருகிறது. சேமிப்பு இல்லாமலே பெரும்பகுதி சரிக்குச் சரியாகிவிடும். ஆனால் பேனலுக்கு முன் அவர் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வாங்க வேண்டும். ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்துக்கும் முழு வேகம் எதற்கு?

பேட்டையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போர்வெல் உப்பு வெள்ளையாகப் படிந்த இடத்தில் காற்று நுழையாது. காய்ந்த திட்டு இருந்தால் அதன் வழியாகச் சூடான காற்றே உள்ளே வரும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தால் மோட்டார் சுற்றும், காற்று வராது. இவற்றைச் சரி செய்தாலே ஒரு ஃபேனை நிறுத்திவிடலாம் என்பது பல குடில்களில் நான் கண்டது. நடுப்பகலில் கரண்ட் போனால் அவருடைய குடில் சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். அதனால் பாதி ஃபேனையாவது தாங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும், கையால் சுருட்டித் திறக்கும் பக்கத் திரையும் அவருக்குக் கட்டாயம் வேண்டும்.

மீதி கரண்டை விற்கும் பேச்சு கடைசிதான். உங்கள் கோல்டு ரூம் இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது, அதற்கு நெட் மீட்டர் உண்டா, நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு என்பதை மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். தேவைக்கு மேல் ஒரு கிலோவாட்கூட, விற்கலாம் என்ற நம்பிக்கையில் போடாதீர்கள்.

பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: குட்டை, கோல்டு ரூம் பழுது, பிறகு ஷெட் மேல் பேனல். தை முடிந்து பூ அனுப்பும் அவசரம் ஓய்ந்ததும் குட்டையை வெட்டத் தொடங்கினால், சித்திரைக் கோடை மழைக்குள் ஷீட் விரித்து வேலியும் போட்டுவிடலாம்.